ராஜாக்களுக்குக் கடன் கொடுத்தவர்



ஒரு சித்திரத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். லண்டனில் மெர்சர் கம்பெனி என்று ஒரு பழைய வணிகர் சங்கம் இருக்கிறது. பட்டும் லினனும் விற்றவர்களின் சங்கம். அதன் ஆவணங்களில் ஒரு சட்டதிட்டப் புத்தகம் உண்டு. முதல் பக்கத்தில், பேனாவால் கோடிழுத்து, ஒரு மனிதர் சாகக் கிடக்கும் காட்சியை வரைந்திருக்கிறார்கள். கட்டிலில் படுத்திருப்பவரின் உடல் வற்றிப்போயிருக்கிறது. ஒரு வைத்தியர் நோயாளியின் சிறுநீர் இருக்கும் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களில் நான்கு பேருக்குப் பெயர் எழுதியிருக்கிறது: கார்ப்பென்டர், கவென்ட்ரி, ஒயிட், குரோவ். கால்மாட்டில் ஏழைக் கிழவர்கள் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் கையில் ஜெபமாலை.

படுத்திருப்பவர் ரிச்சர்ட் விட்டிங்டன். 1423 மார்ச்சில் இறந்தார். படம் அதற்குச் சுமார் இருபது வருடம் கழித்து வரைந்தது.

இந்தப் பெயர் உங்களில் பலருக்குப் பழக்கமாக இருக்கும். ஆங்கிலப் பாடப்புத்தகத்திலோ சிறுவர் கதைப் புத்தகத்திலோ படித்திருப்பீர்கள். அநாதைப் பையன், லண்டன் தெருக்களில் தங்கம் பாவியிருக்கிறது என்று நம்பி நடந்தே வருகிறான். ஒரு வியாபாரி வீட்டில் சமையல்கட்டு எடுபிடி. சமையல்காரி போடும் அடி தாங்காமல் ஓடுகிறான். ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கும்போது கோயில் மணி, ‘திரும்பி வா, நீ மூன்று முறை மேயர் ஆவாய்’ என்று கூப்பிடுகிறது. அவன் வளர்த்த பூனையை முதலாளியின் கப்பல் எங்கோ எலித்தொல்லை பிடித்த தேசத்துக்குக் கொண்டுபோக, அந்த ராஜா பூனைக்கு எடைக்கு எடை பொன் கொடுக்கிறான். பையன் முதலாளி மகளைக் கட்டிக்கொண்டு மேயராகிறான்.

அந்தக் கட்டில் படத்தில் பூனை இல்லை. இன்னொன்றும் இல்லை, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சாகும் மனிதரைச் சுற்றி நிற்பவர்கள் உயிலை நிறைவேற்றப் போகிறவர்களும், அந்த உயிலால் சோறு சாப்பிடப் போகிறவர்களும்தான். விட்டிங்டனின் உண்மைக் கதைக்கு அந்தப் படம் போதும் என்பது என் கட்சி. எப்படி அவ்வளவு பணம் வந்தது, ஏன் அது ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில், அவர் அநாதையும் இல்லை, பிச்சைக்காரரும் இல்லை. இங்கிலாந்தின் மேற்கே, க்ளூஸ்டர்ஷயரில், பான்ட்லி என்ற கிராமத்தின் நிலக்கிழார் குடும்பம். அப்பா சர் வில்லியம் விட்டிங்டன். அம்மா ஜோன், அதே பகுதியில் அரசனின் நிர்வாக அதிகாரியான ஷெரிஃப் வீட்டுப் பெண். ரிச்சர்ட் 1350-களில் பிறந்தவர். அப்பா 1358-ல் இறந்தபோது சட்டத்தின் பாதுகாப்பு இழந்தவர் என்ற அறிவிப்பு அவர் தலைமேல் இருந்தது. ஆக, கௌரவமான குடும்பம், கொஞ்சம் கறை, கையில் பணம் குறைவு. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. ரிச்சர்ட் இளைய மகன், மூத்த அண்ணன் வில்லியம், அடுத்தவன் ராபர்ட். அந்த நாட்டு வழக்கப்படி நிலம் முழுதும் மூத்தவனுக்கு. பாகப்பிரிவினை என்ற பேச்சே கிடையாது. இளைய பிள்ளைகளுக்கு இருந்த வழி மூன்று: பாதிரியார் ஆவது, படைக்குப் போவது, அல்லது நகரத்து வியாபாரியிடம் தொழில் பழகப் போவது. ரிச்சர்டை லண்டனில் ஒரு மெர்சரிடம் விட்டார்கள். குறைந்தது ஏழு வருஷ ஒப்பந்தம். அதுவரை சம்பளம் இல்லை, கல்யாணம் இல்லை, முதலாளி வீட்டில் சாப்பாடு, முதலாளி சொன்னதுதான் சட்டம். அதை முடித்தால் நகரத்தின் சுதந்திரக் குடிமகன் என்ற உரிமை. அந்த உரிமை இல்லாதவன் லண்டனில் சில்லறைக் கடை வைக்க முடியாது.

இளைய மகன் கதையும் நல்ல கதைதான். ஆனால் மேடையில் நடிக்க உதவாது.

அவர் பெயர் ஆவணத்தில் முதலில் தலைகாட்டுவது 1379-ல். நகரம் திரட்டிய ஒரு நிதிக்கு 5 மார்க் கொடுத்திருக்கிறார். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. பெரிய தொகை இல்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் ஆளே வேறு. இடையில் என்ன நடந்தது?

மெர்சர் என்றால் ஏதோ தெருமுனை ஜவுளிக்கடை என்று நினைத்துவிடக் கூடாது. கம்பளித்துணி வியாபாரம் வேறு ஆட்களுடையது. மெர்சர்கள் விற்றது இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த வெல்வெட், டமாஸ்க், பொன்னிழை நெய்த பட்டு, மெல்லிய லினன், நாடா, முத்து. வாங்கக்கூடியவர்கள் நாட்டிலேயே சில நூறு குடும்பங்கள்தான். அவர்களிலும் முதல் வாடிக்கையாளர் அரசன். அப்போது ஆண்ட இரண்டாம் ரிச்சர்ட் ஆடை ஆபரணத்தில் மோகம் கொண்டவர். 1392 முதல் 1394 வரை இரண்டே வருடத்தில் விட்டிங்டனிடம் கிட்டத்தட்ட 3,500 பவுண்டுக்கு அரண்மனை துணி எடுத்திருக்கிறது. இந்தத் தொகையை எப்படி நினைத்துப் பார்ப்பது? லண்டனில் நல்ல கைவேலை தெரிந்த கொத்தனாருக்கு நாள் கூலி 8 பென்ஸைத் தாண்டாத காலம் அது. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சம் நாள் கூலிக்கு மேல். அதுவும் துணிக்கு.

அரசன் மட்டும் இல்லை. அரசனின் சித்தப்பாக்கள் ஜான் ஆஃப் கான்ட், தாமஸ் ஆஃப் உட்ஸ்டாக், ஜானின் மகன் ஹென்றி போலிங்புரோக் என்று அடித்துக்கொண்ட எல்லாத் தரப்பும் இவரிடம்தான் துணி எடுத்தார்கள். பிரபுக்கள் யாரும் கல்லாப்பெட்டியில் காசை வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிப்போவதில்லை. எல்லாம் கடன்தான். அரசனின் செல்லப்பிள்ளை ராபர்ட் டி வீர், ஆக்ஸ்ஃபோர்டு பிரபு, 1388-ல் இவருக்கு 2,000 பவுண்டு பாக்கி. அதற்கு முந்தைய வருடம்தான் டி வீர் எதிரிகளிடம் தோற்று நாட்டைவிட்டே ஓடிப்போயிருந்தார். பிறகு திரும்பவே இல்லை. இப்படி ஒரு பாக்கி மூழ்கினால் சாதாரண வியாபாரி மறுநாள் கடையைப் பூட்டியிருப்பார். விட்டிங்டன் பூட்டவில்லை. இந்த இடத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் எனக்குப் பிடிபடுகிறது: ஒரே தரப்பை நம்பி அவர் எப்போதும் கடன் கொடுத்ததில்லை.

இதற்கிடையே நகராட்சியிலும் படியேறுகிறார். 1380-களில் பொதுமன்ற உறுப்பினர். 1393-ல் நகர வட்டாரத் தலைவரான ஆல்டர்மன், அதே வருடம் ஷெரிஃப். அதற்குச் சற்று முன்புதான், 1392-ல், அரசனுக்கும் லண்டனுக்கும் பெரிய சண்டை. கடன் கேட்டார் அரசன், நகரம் தயங்கியது. கோபத்தில் மேயரைப் பதவி நீக்கி, நகரத்தின் தன்னாட்சி உரிமைகளையே பறித்துவிட்டார். 1397 ஜூனில் மேயர் ஆடம் பேம் பதவியில் இருக்கும்போதே இறந்தார். தேர்தலுக்குக் காத்திராமல் அரசனே அடுத்த மேயரை நியமித்தார்: விட்டிங்டன். அரசனின் ஆள் என்று ஊர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் அந்த வருடமே நகரம் பெருந்தொகை கொடுத்துத் தன் உரிமைகளை நிலையாக மீட்டது. அக்டோபரில் முறைப்படித் தேர்தல் நடந்தபோது, நகரமும் அவரையே தேர்ந்தெடுத்தது. பின்னர் 1406, 1419. நியமனத்தையும் சேர்த்தால் நான்கு முறை. கதையில் மணி மூன்று என்று சொன்னது. தேர்தலை மட்டும் எண்ணினால் மணி சொன்னதும் சரிதான்.

1399-ல் போலிங்புரோக் படையோடு வந்து இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றியாக முடிசூட்டிக்கொண்டார். இறக்கப்பட்ட அரசன் அப்போது விட்டிங்டனுக்கு 1,000 பவுண்டு பாக்கி வைத்திருந்தார். பழைய அரசனின் கடனைப் புதிய அரசன் எதற்குத் தீர்க்க வேண்டும்? ஆனால் தீர்த்தார். அதோடு விடாமல் விட்டிங்டனைத் தன் ஆலோசனை மன்றத்திலும் உட்கார வைத்தார். பழைய வாடிக்கையாளர் அல்லவா. அதைவிட முக்கியம், கலகக்காரராக வந்து அரியணை ஏறியவருக்கு நாலு பக்கமும் போர், கஜானாவோ காலி. பணம் உள்ளவர்களைப் பகைக்க அவரால் முடியாது.

இங்கிருந்து விட்டிங்டன் துணி வியாபாரத்தைவிட்டு மெல்ல வேறு தொழிலுக்கு நகர்கிறார். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பூனைக்குப் பதில் அங்கே இருந்தது அதுதான்.

1388-லிருந்து சாகும்வரை அவர் அரசர்களுக்குக் கொடுத்த கடன் 59 முறை பதிவாகியிருக்கிறது. சிறியது 4 பவுண்டு, பெரியது 2,833 பவுண்டு. வட்டி வாங்கினாரா? கணக்கில் வட்டி என்ற பேச்சே இல்லை. இருக்கவும் முடியாது, திருச்சபை வட்டியைப் பாவம் என்றது, நகரச் சட்டம் குற்றம் என்றது. பிறகு என்ன லாபம்? இங்கிலாந்தின் பெரிய ஏற்றுமதி ஆட்டுக் கம்பளி. ஃபிளாண்டர்ஸ் நெசவாளிகள் அதற்காகக் காத்துக்கிடந்தார்கள். வெளியே போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் சுங்கம், ஒரு மூட்டைக்கு 2 பவுண்டுக்கு மேல். அரச வருமானத்தின் முதுகெலும்பு அது. அரசன் கடன் வாங்கும்போது ரொக்கமாகத் திருப்பித் தருவதாகச் சொல்லமாட்டார். ‘இன்ன துறைமுகத்துச் சுங்க வசூலில் எடுத்துக்கொள்’ என்று ஓலை கொடுப்பார். சிலருக்கு, ‘கடன் தீரும்வரை சுங்கம் கட்டாமலே கம்பளி ஏற்றிக்கொள்’ என்ற அனுமதி கிடைக்கும்.

அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கச் சாவடியில் போய் நின்றவர்கள் நிறையப் பேர். பெட்டி காலியாக இருக்கும். வசூல்காரர், ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பார். வருஷக்கணக்கில் இழுத்து, பாதிக்கு விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. விட்டிங்டனுக்கு அந்தக் கவலை குறைவு. 1401 முதல் 1405 வரையும், மறுபடி 1407 முதல் 1410 வரையும் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கம் வசூலித்தவர் யார் தெரியுமா? விட்டிங்டனேதான். கடன் கொடுத்தவரும் அவர், கடன் அடைபடும் பெட்டிக்குச் சாவி வைத்திருந்தவரும் அவர். கம்பளி ஏற்றுமதியிலும் அவரே இறங்கினார். கம்பளி எல்லாம் பிரான்ஸ் கரையிலிருந்த காலே துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி. அங்கிருந்த வணிகர் அமைப்புக்கும் பல வருடம் அவரே தலைவர்.

இன்றைக்கு இதற்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம், விசாரணைக் கமிஷனும் போடுவோம். அன்று அதுதான் ஏற்பாடு. கடன் தருபவர் நம்பிக்கையோடு தர வேண்டுமானால் சாவி அவர் கையில் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்தே இருந்தது. அவர் திருடினார் என்று யாரும் வழக்குப் போடவில்லை. நல்லவர் என்று நான் வாதாடவும் வரவில்லை. இன்னொரு வேடிக்கை: 1421-ல் வட்டிக் குற்ற வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவராக அதே விட்டிங்டன் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்குப் பின் மகன். ஐந்தாம் ஹென்றிக்கும் அவர் கடன் கொடுத்தார். 1415-ல் பிரான்சின் ஹார்ஃப்ளர் முற்றுகைக்கு அவர் பணமும் போனது. பிற்காலத்தில் ஒரு கதை கட்டினார்கள். அரசனுக்கு விருந்து வைத்த விட்டிங்டன், வாசனைக் கட்டைகள் எரியும் அடுப்பில் 60,000 பவுண்டுக்கான அரசனின் கடன் பத்திரங்களைத் தூக்கிப் போட்டு எரித்தாராம். அவ்வளவு பணம் அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. பத்திரத்தை எரிக்கிற குணமும் இல்லை. ஐந்தாம் ஹென்றி வெறும் கடனுக்காக மட்டும் அவரை நாடவில்லை என்பதும் உண்மை. 1413-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் பாதியில் நின்ற கட்டடப் பணிக்கான செலவை மேற்பார்க்கும் பொறுப்பை அவரிடமும் இன்னொருவரிடமும் ஒப்படைத்தார். கணக்கில் நம்பலாம் என்பதால்தான்.

மேயராக அவர் என்ன செய்தார்? மேயர் என்றால் மாலை, மரியாதை, ஊர்வலம் மட்டும் அல்ல. ரொட்டியின் எடை, பீரின் அளவு, மீனின் விலை, தெருவின் குப்பை, நீதிமன்றம், சிறை எல்லாம் அவர் தலையில்தான். 1419-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடன் கட்ட முடியாத குடிமக்களை அடைக்க லட்கேட் என்ற சிறை இருந்தது. கொஞ்சம் வசதியானது. அங்கே சொகுசாகப் படுத்துக்கொண்டு கடனைக் கட்டாமல் ஏய்க்கிறார்கள் என்று அந்த வருட மத்தியில் அப்போதைய மேயர் அதை மூடி, கைதிகளை நியூகேட்டுக்கு மாற்றினார். நியூகேட் நாற்றமும் காய்ச்சலும் பிடித்த கிடங்கு. போனவர்களில் பலர் செத்தார்கள். விட்டிங்டன் மேயரானதும் முதல் வேலையாக நவம்பரில் லட்கேட்டைத் திரும்பத் திறந்தார். ஊருக்கே கடன் கொடுத்த மனிதர், கடன்காரர்கள் சாகக் கூடாது என்று முடிவெடுத்த இடம் அது. அவரைப் பற்றி எனக்கு மதிப்பு வருவதும் அங்கேதான்.

மதுபானம் காய்ச்சுபவர்களிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். அவர்கள் சங்கத்தின் குமாஸ்தா வில்லியம் போர்லாண்ட் எழுதிவைத்த குறிப்பேடு கிடைத்திருக்கிறது. நாட்டில் பெரும்பாலான ஆவணங்களை லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதியபோது 1422-ல் ஆங்கிலத்தில் எழுதுவதென்று முடிவெடுத்த சங்கம் அது. ஏல் பானத்தை விலை கூட்டி விற்கிறார்கள் என்று விட்டிங்டன் அவர்களை விடாமல் துரத்தினார். மேயர் பதவியில் இல்லாத 1422-லும் அப்போதைய மேயர் ராபர்ட் சிச்லியைத் தூண்டிவிட்டு அபராதம் போட வைத்தார் என்பது அவர்கள் புகார். காரணம்? புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் தங்கள் சங்க விருந்தில் கொழுத்த அன்னப்பறவைகளைச் சமைத்துச் சாப்பிட்டது அவர் கண்ணை உறுத்திவிட்டதாம். எரிச்சலோடு எழுதிய குறிப்பு. முழுதும் நம்ப வேண்டாம். ஆனாலும் எழுபதை நெருங்கும் பணக்காரர், அடுத்தவன் இலையில் அன்னப்பறவையைப் பார்த்து முகம் சிவக்கும் காட்சி என் மனத்தில் நிற்கிறது. ஐந்நூறு வருடப் புகழுரைகளில் கிடைக்காத ஆளை அந்தக் குமாஸ்தா ஒரு வரியில் காட்டிவிட்டார்.

குடும்பத்துக்கு வருவோம். மனைவி ஆலிஸ், முதலாளி மகள் இல்லை. சர் ஐவோ ஃபிட்ஸ்வாரின் என்ற நிலக்கிழாரின் மகள். ஆலிஸுக்கு ஏதோ நோய். 1409-ல் வெளிநாட்டிலிருந்து மாஸ்டர் சாம்சன் என்ற யூத வைத்தியரை வரவழைக்க அரசனிடம் தனி அனுமதி வாங்கினார் விட்டிங்டன். இங்கிலாந்திலிருந்து யூதர்களை 1290-லேயே துரத்திவிட்டார்கள் என்பது நினைவில் இருந்தால் இந்த அனுமதியின் பெறுமதி புரியும். அரசனிடம் அவருக்கு இருந்த செல்வாக்கு மனைவிக்கு ஒரு வைத்தியரைக் கொண்டுவந்தது. ஆலிஸ் பிழைக்கவில்லை. ஒன்றிரண்டு வருடத்துக்குள் இறந்துபோனார். ஆலிஸின் அப்பா மகளுக்குப் பின்னும் வாழ்ந்து 1414-ல் இறந்ததால், மாமனார் சொத்தும் விட்டிங்டனுக்கு வரவில்லை. குழந்தை இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

லண்டன் வியாபாரி நாலு காசு சேர்த்ததும் முதலில் செய்வது கிராமத்தில் நிலம் வாங்குவது. மூன்றாம் தலைமுறை கடையை மறந்து பண்ணையாராகிவிடும். விட்டிங்டன் அந்த வழிக்குப் போகவில்லை. பண்ணைகள் வாங்கிச் சேர்க்கவில்லை. பணம் கடைசிவரை பணமாகவே சுழன்றது. யாருக்காக நிலம் வாங்குவது என்ற கேள்விதான் காரணமாக இருக்க வேண்டும். அதனால்தான் சாகும்போது அவரிடம் இருந்ததை எளிதாகக் காசாக்க முடிந்தது.

1421 செப்டம்பரில் உயில் எழுதினார். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விற்று, தர்மத்துக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். எதற்கு, எப்படி என்பதில் பெரும்பகுதி அந்த நால்வர் கையில். கட்டில் படத்தில் பெயர் எழுதியிருந்த நால்வரில் ஜான் ஒயிட் ஒரு மருத்துவமனையின் தலைவர். கவென்ட்ரி விட்டிங்டனைப் போலவே மெர்சர். அவர்களில் முக்கியமானவர் ஜான் கார்ப்பென்டர், நகரத்தின் தலைமை எழுத்தர். லண்டனின் சட்டங்கள், வழக்கங்கள் எல்லாவற்றையும் திரட்டி ‘வெள்ளைப் புத்தகம்’ என்ற பெருந்தொகுப்பை 1419-ல், விட்டிங்டன் மேயராக இருந்த வருடத்தில், உருவாக்கியவர். ஊருக்கு எங்கே ஓட்டை, எங்கே நாற்றம், எங்கே தண்ணீர் இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். பெரும் பணம், வாரிசு இல்லாத முதலாளி, ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு குமாஸ்தா. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விட்டிங்டனின் புகழ்.

அவர்கள் கட்டியதைப் பாருங்கள். நியூகேட் சிறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கில்ட்ஹால் என்னும் நகர மன்றத்துக்குக் கல் தளம் போட்டார்கள், ஜன்னல்களுக்குக் கண்ணாடி வைத்தார்கள், பக்கத்தில் ஒரு நூலகம் எழுப்பினார்கள். அந்த நூலகத்தின் புத்தகங்களை, நூறு வருடத்துக்கு மேல் கழித்து சாமர்செட் கோமகன் இரவல் என்று சொல்லி வண்டிகளில் ஏற்றிப்போய்த் திருப்பித் தரவே இல்லை. புத்தகம் இரவல் கொடுத்தவர்களின் கஷ்டம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான். பில்லிங்ஸ்கேட்டிலும் கிரிப்பிள்கேட்டிலும் பொதுக் குடிநீர்க் குழாய்கள். சவுத்வார்க்கில் புனித தாமஸ் மருத்துவமனையில், கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களுக்கு 8 படுக்கைகள் கொண்ட ஓர் அறை. அங்கே நடப்பதெல்லாம் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் அந்தப் பெண்களின் திருமணத்துக்குத் தடையாகும் என்பது விட்டிங்டனின் கட்டளை என்று ஒரு பழைய நாளாகமம் சொல்கிறது. வேறெந்தக் கொடையையும்விட அந்தக் கட்டளையில் ஒரு மனுஷன் தெரிகிறான்.

பிறகு ‘விட்டிங்டனின் நீளவீடு’. தேம்ஸ் கரையோரம் கட்டிய பொதுக் கழிப்பறை. 128 இருக்கைகள், ஆண்களுக்கு 64, பெண்களுக்கு 64. இரண்டு வரிசை. அடியில் ஒரு பெரிய வாய்க்கால். கடலின் ஏற்றவற்றத்தால் தேம்ஸ் நீர் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும்போது வாய்க்காலைத் தானே கழுவிவிட்டுப் போகும். ஆள் வைத்து அள்ள வேண்டியதில்லை. மாடியில் ஏழைகளுக்குச் சில அறைகள். மேலே குடியிருப்பு, கீழே கழிப்பறை என்பதை நினைத்து நீங்கள் சிரிக்கலாம். ஆற்றின் வேலையையும் அலையின் நேரத்தையும் தெரிந்தவன் போட்ட திட்டம் அது. 1666-ல் லண்டன் எரியும்வரை புழக்கத்தில் இருந்தது. ஒரு பெரிய நகரத்தில் பெண்களுக்குச் சரிபாதி இடம் ஒதுக்கிய கழிப்பறையை 15-ஆம் நூற்றாண்டில் கட்டியிருக்கிறார்கள் என்பதை நகராட்சிக்காரர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால் குறித்துக்கொள்ளட்டும்.

பூனை எப்போது வந்தது? ஜான் ஸ்டோ என்ற தையல்காரர் 1598-ல் லண்டன் நகரை அங்குலம் அங்குலமாக விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் விட்டிங்டன் வருகிறார், பூனை வரவில்லை. 1605-ல் ஒரு நாடகத்துக்கு அனுமதி பதிவாகிறது. அந்த நாடகம் கிடைக்கவில்லை. அடுத்த சில வருடங்களில் பாட்டு, கதைப் புத்தகம். ரெனால்ட் எல்ஸ்ட்ராக் என்ற சித்திரக்காரர் விட்டிங்டனின் படத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். கை ஒரு மண்டையோட்டின் மேல் இருந்தது. வாங்க வந்தவர்கள் பூனை எங்கே என்று கேட்டார்கள். தகட்டைச் சுரண்டி மண்டையோட்டைப் பூனையாக்கிவிட்டார். விற்பனை நன்றாக நடந்தது. 1668-ல் சாமுவேல் பெப்பிஸ் சவுத்வார்க் சந்தையில் இதைப் பொம்மலாட்டமாகப் பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்.

பூனையால் பணக்காரனானவன் கதை பாரசீகத்திலும் இத்தாலியிலும் இந்தக் கதைக்கு முன்பே உண்டு. நம் பக்கத்துப் புத்த ஜாதகக் கதை ஒன்றில் ஒருவன் செத்த எலியை எடுத்துப் பூனைக்குத் தீனியாக விற்று, அந்தக் காசை முதலாக வைத்துப் பெரிய செட்டியாகிறான். அது இன்னும் நம்பகமான வியாபாரக் கதை என்பேன்; முதல், கொள்முதல், லாபம் எல்லாம் சரியாக இருக்கிறது. லண்டனில் இந்தக் கதையை வாங்கிப் படித்தவர்களில் பலர் கடைகளில் தொழில் பழகிய பையன்கள். சுங்கச் சாவடியின் சாவி யார் கையில் இருந்தது என்ற கதையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? பூனை எல்லோரிடமும் இருக்கும். வியாபாரியின் மேல் இருந்த சந்தேகத்தையும் பூனை துடைத்துவிட்டது. கடன் கொடுத்துச் சம்பாதித்தான் என்றால் ஊர் புருவத்தைத் தூக்கும். பூனையால் வந்தது என்றால் கை தட்டும்.

செத்த பிறகும் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. தான் செலவு செய்து கட்டிய செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில் மனைவியோடு புதைத்திருந்தார்கள். ஆறாம் எட்வர்ட் காலத்தில் அந்தக் கோயில் பாதிரியாரே, கல்லறைக்குள் பொக்கிஷம் இருக்கும் என்று தோண்டினார். ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் உடலைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உரித்துக்கொண்டு போனார். அடுத்து மேரி அரசி காலத்தில் ஊர்க்காரர்கள் மறுபடி தோண்டி, ஈயம் சுற்றி மரியாதையாக வைத்தார்கள். பெருந்தீயில் கோயில் எரிந்தது. கட்டடக் கலைஞர் ரென் திரும்பக் கட்டினார். 1949-ல் கல்லறையைத் தேடியவர்களுக்கு விட்டிங்டன் கிடைக்கவில்லை, காய்ந்து கருவாடாகிப்போன ஒரு பூனை கிடைத்தது. ரென் காலத்துக் கட்டட வேலையின்போது உள்ளே மாட்டிக்கொண்ட பூனையாக இருக்க வேண்டும். நாளிதழ்களுக்கு வேறென்ன வேண்டும்?

கடைசியாக, அந்தக் கோயிலை ஒட்டி, உயிலை நிறைவேற்றியவர்கள் 1424-ல் நிறுவிய தர்ம விடுதி. 13 ஏழைகள், அவர்களில் ஒருவர் தலைவர். தலைவருக்கு வாரம் 16 பென்ஸ், மற்றவர்களுக்கு 14 பென்ஸ். ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிப் புகைபோக்கி. கூடவே ஐந்து குருமார்கள் கொண்ட ஒரு மடம். இவர்கள் அத்தனை பேரும் தினமும் பிரார்த்திக்க வேண்டும் என்று விதி. யாருக்காக? விட்டிங்டனுக்கு, ஆலிஸுக்கு, அவர் அப்பா அம்மாவுக்கு. பிறகு இரண்டு பிரபலமான வாடிக்கையாளர்களுக்கு: அரசன் இரண்டாம் ரிச்சர்ட், தாமஸ் ஆஃப் உட்ஸ்டாக். இந்த தாமஸ் 1397-ல் காலேயில் கொல்லப்பட்டார். கொல்லச் சொன்னவர் அதே இரண்டாம் ரிச்சர்ட்தான் என்று அன்றே எல்லோருக்கும் தெரியும். விட்டிங்டன் முதல்முறை மேயரானதும் அந்த வருடம்தான். இரண்டு பேரும் அவரிடம் துணி வாங்கியவர்கள், இரண்டு பேரும் அவரை வளர்த்துவிட்டவர்கள். இரண்டு பேர் பெயரும் ஒரே பிரார்த்தனையில் சேர்ந்தது.

1548-ல் மதச் சீர்திருத்தம் மடத்தை மூடியது, குருமார்கள் போனார்கள், பிரார்த்தனை நின்றது. விடுதியை மெர்சர் கம்பெனி விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஹைகேட்டுக்கும், 1960-களில் லண்டனுக்குத் தெற்கே ஃபெல்பிரிட்ஜுக்கும் மாற்றினார்கள். அங்கே இப்போதும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள்.